வேலூர் வெயிலுக்குக் கோழிக்கூண்டு: பெட்டி வாங்கலாமா, பழைய கட்டிலை மாற்றலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறதாம். எட்டு சிறுவிடை (உடம்பு சிறுத்த நாட்டுக்கோழி) பெட்டையும் ஒரு சேவலும் விட ஆசை. ஆன்லைனில் ‘8 கோழிக்கு ஏற்றது’ என்று போட்டு அழகான மரக்கூண்டு விற்கிறார்களே அதை வாங்கலாமா, இல்லை மொட்டைமாடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய இரும்புக் கட்டிலை வைத்து எதையாவது ஒப்பேற்றலாமா என்பது கேள்வி.

கட்டில்தான் தம்பி. யோசிக்கவே வேண்டாம். ஏன், எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

அந்த மரக்கூண்டுகளின் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நான்கு பக்கமும் பலகை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், குனிந்தால்தான் எட்டிப் பார்க்க முடிகிற தாழ்ந்த கூரை, இடுக்கே இல்லாமல் பொருந்துகிற கதவு. பனி கொட்டும் ஊரில் கோழி விறைத்துச் சாகாமல் இருக்க யோசித்த வடிவம் அது. அதையே கொண்டுவந்து நம் ஊர் கத்திரி வெயிலில் வைத்தால் அதற்குப் பெயர் கூண்டு இல்லை, அடுப்பு. கோழியின் உடம்புச் சூடு சாதாரண நாளிலேயே 41 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். நம்மைப் போல அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, அந்த மூச்சோடு போகும் ஈரத்தால்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிற வைகாசி பிறப்பு சமயத்தில் இங்கே வெளிச்சூடு 40 டிகிரியைத் தாண்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்போது மூடிய பெட்டிக்குள் ஒன்பது கோழிகள் விடுகிற ஈர மூச்சு வெளியே போக வழியில்லாமல் தேங்கி நின்றால், அப்புறம் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. பகலெல்லாம் காய்ந்த கோழி இரவில்தான் கொஞ்சம் தேறவேண்டும், அந்த இரவிலும் அதை வேகவைத்தால் முதலில் முட்டை ஓடு மெலியும், பிறகு முட்டை நிற்கும், கடைசியில் கோழியும் போகும்.

அதனால் நம் பக்கத்துக்குக் கூண்டு என்றால் ஒரு நல்ல கூரை, ஒரு நல்ல கம்பிவலை, அவ்வளவுதான். சுவர் மேற்கே மட்டும் போதும்.

எங்கள் ஆயா வீடு அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். திண்ணைக்கு அடியிலேயே கோழி அடைக்க ஒரு பொந்து விட்டுக் கட்டியிருந்தார்கள், சாயங்காலம் எல்லாம் உள்ளே போனதும் ஒரு பலகைக்கல்லைச் சாய்த்து, அது நகராமல் பழைய குழவியை முட்டுக் கொடுத்து வைப்பார். அதில் ஜன்னல் கிடையாது, காற்றும் கிடையாது, ஆனாலும் கோழிகள் நன்றாகத்தான் இருந்தன என்று இப்போதும் உறவில் சிலர் என்னிடம் வாதாடுவார்கள். இருந்தது ஐந்தாறு கோழி, மண்சுவர் சீக்கிரம் சூடேறாது, விடிந்ததும் திறந்துவிட்டால் பொழுது சாயும்வரை களமும் குப்பைமேடும் அவற்றுக்குத்தான். நமக்கு இருப்பது 150 சதுர அடியும் சிமென்ட் காம்பவுண்டுச் சுவரும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. (அந்தப் பொந்தில் உண்ணி எவ்வளவு இருந்தது என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.)

சரி, இடக்கணக்கு. பகலில் வெளியே திரிந்து இரவு மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்கு ஒன்றுக்கு ஒரு சதுர அடி போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வெயிலைக் கணக்கில் வைத்து ஒன்றரையிலிருந்து இரண்டு என்பேன். அடைமழையில் இரண்டு நாள் முழுக்க உள்ளேயே வைக்க வேண்டி வந்தால் அந்தக் கூடுதல் அரை அடியின் அருமை தெரியும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று கொத்தி முதுகில் இறகு இருக்காது. ஒற்றைக் கட்டில் 6 அடிக்கு 3 அடி, அதாவது 18 சதுர அடி. ஒன்பது உருப்படிக்கு ஆளுக்கு இரண்டு அடி, கணக்குக்கு அளவெடுத்தது போல. விற்கிற மரக்கூண்டில் அடித்தளத்தின் அளவை மட்டும் பார்த்துப் பெருக்கிப் பாருங்கள், முட்டைப்பெட்டியையும் ஏணியையும் சேர்த்துச் சொன்ன அளவை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் போட்டிருக்கும் எண்ணிக்கையில் பாதிதான் தேறும்.

கட்டிலை எப்படி மாற்றுவது? முதலில் கால்கள். நாலு காலுக்கும் அடியில் ஹாலோ பிளாக்கோ உடைந்த கருங்கல்லோ வைத்து, தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம். கூரையையும் வலையையும் தாங்க மூலைக்கு ஒன்றாக நாலு இரும்பு ஆங்கிளை நிறுத்தி வெல்டிங் பட்டறையில் ஒட்டச் சொன்னால் அரைநாள் வேலை. கட்டிலின் இரும்புப் பட்டைகள் மேல் அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) விரித்துக் கட்டிவிட்டால் எச்சத்தில் பாதி கீழே விழுந்துவிடும். ஆனால் முழுத் தளமும் கம்பியாக இருக்க வேண்டாம், நாள் முழுக்கக் கம்பியில் நிற்கிற கோழிக்குப் பாதத்தில் ஆணி மாதிரிப் புண் கட்டும். பாதித் தளத்துக்கு சிமென்ட் போர்டு போட்டு அதன்மேல் மூன்று இஞ்ச் உமி கொட்டுங்கள். உமி கிடைக்காவிட்டால் மல்லாட்டை (வேர்க்கடலை) தோல், நம் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும், ஈரமாகக் கட்டியாகிப்போன இடத்தை மட்டும் அள்ளிப் போட்டு புதிது சேர்த்தால் போதும்.

கட்டிலுக்குக் கீழே நான் விரித்து வைத்திருப்பது ஒரு பழைய பிளெக்ஸ் பேனர். யாரோ ஒரு பாப்பாவின் காதணி விழா, தாய்மாமன்கள் பதினோரு பேர் வரிசையாகக் கும்பிடுகிறார்கள். காலையில் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுத்து எருக்குழியில் உதறினால் வேலை முடிந்தது. ஆறேழு மாதம் மட்கவிட்டு அதைக் கத்திரிச் செடிக்குப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும்.

கூரைக்கு வருவோம், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்களிடம் தகரம் இருக்கிறது என்றீர்கள். நல்லதுதான், மழைக்கு அதைவிட உறுதி கிடையாது. ஆனால் சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தொடாமலே கை சுடும். அந்த இடத்தில்தான் கோழியின் தலை இருக்கும். அதனால் தகரத்தைக் கோழி உட்காரும் கட்டையிலிருந்து மூன்றடியாவது மேலே ஏற்றுங்கள், ஒரு பக்கம் உயர்த்தி மறுபக்கம் சாய்வு கொடுங்கள், சூடான காற்று உயர்ந்த பக்கமாக வெளியேறட்டும். தகரத்தின்மேல் சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கும் மேலே ஓர் அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றோ பனையோலையோ போட்டால் வெயில் ஓலையில் விழும், இடையில் காற்று ஓடும், தகரம் காயாது. கீற்று கிடைக்காதவர்கள் பச்சை நிழல்வலையை அதே மாதிரி இடைவெளி விட்டுக் கட்டலாம். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் பயன் பாதியாகிவிடும். சுற்றிலும் கூரை இரண்டடி வெளியே நீண்டிருக்க வேண்டும், வேப்பமரம் இருந்தால் அதன் நிழலில் வையுங்கள், தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம், ஒரு மட்டை விழுந்தால் போதும்.

நீளவாக்கில் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். அப்போது நீளப் பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். மேற்குப் பக்கத்தை மட்டும் முழுக்க அடைத்துவிடுங்கள். மற்ற மூன்றும் வலை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும், அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டி மேலே கட்டக்கூடிய கோணிப்படுதா போதும். அதே கோணியை மே மாதத்தில் மத்தியானம் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடலாம். ஆனால் காற்று ஓடும்போது மட்டும். காற்றில்லாத புழுக்கத்தில் ஈரக்கோணி கட்டினால் உதவிக்குப் பதில் உபத்திரவம்.

காற்று போதுமா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை இதுதான்: இரவு பத்து மணிக்குப் போய், கோழி உட்கார்ந்திருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து நாலு முறை மூச்சிழுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், கோழிக்கு முன்னால் மூக்கு இருக்க வேண்டும். கண் கரித்தால், மூக்கில் சுருக்கென்று ஏறினால், இன்னும் திறக்க வேண்டும். நான் இப்படிக் கூண்டுக்குள் தலையை விட்டு நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு ஆயா, “இன்னாபா, கோழிக்கு ஜோசியம் சொல்றியா?” என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும்.

உட்காரும் கட்டை இரண்டு இஞ்ச் அகலத்தில், விளிம்பை இழைத்து உருட்டி இருக்க வேண்டும். பிவிசி குழாய் வழுக்கும், வேண்டாம். கோழிக்கு எட்டு இஞ்ச் என்று வைத்தால் ஒன்பதுக்கு ஆறடி, கட்டிலின் நீளமும் அதே ஆறடிதான், ஒரே கட்டை போதும். இரண்டாகப் போட்டால் ஒரே உயரத்தில் போடுங்கள், ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் தினமும் மேல்படிக்குச் சண்டை. நீங்கள் சிறுவிடை என்பதால் உயரம் பிரச்சினை இல்லை, அது முருங்கை மரத்தின் உச்சிக்கே பறக்கும். பெருவிடை வைத்திருப்பவர்கள் கட்டையை இரண்டடிக்கு மேல் போகவிடாதீர்கள், கனத்த உடம்போடு தினமும் குதித்தால் பாதம் கெட்டுப்போகும்.

முட்டையிட இரண்டு இடம் போதும், நாலைந்து பெட்டைக்கு ஒன்று என்பது கணக்கு. தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துச் சாய்த்து உள்ளே வைக்கோல் போட்டாலே வரும். இருட்டாக இருக்க வேண்டும், உட்காரும் கட்டையைவிடத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். உயரமான இடத்தைத்தான் கோழி தூங்கத் தேடும், முட்டைப்பெட்டி மேலே இருந்தால் அதில் படுத்து எச்சமிட்டு முட்டையெல்லாம் அசிங்கமாகும். அடைக்கு உட்காரும் கோழியை இங்கே வைக்காதீர்கள். அதற்கு ஒரு மூங்கில் கூடை தனி. தெற்கே பஞ்சாரம் என்பார்களே, அதேதான்.

இனி இரவு விருந்தாளிகள். கடையில் கோழிவலை என்று கேட்டால் தருவது ஆறுகோணக் கண் போட்ட மெல்லிய வலை. அது கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. இதை நான் ஐந்து விடைக்கோழியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். காலையில் போய்ப் பார்த்தபோது வலையில் ஒரு முறம் அளவுக்குக் கிழிசல், கம்பிநுனியில் செம்பட்டை மயிர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே இறகு தவிர ஒன்றும் இல்லை. தெருநாய்தான். அதன்பிறகு அரை இஞ்ச் வெல்டு மெஷ் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், மரநாய் சுவரேறி ஓட்டின்மேல் நடந்து வரும், பெருச்சாளி தரையைத் தோண்டும். கூண்டு மூன்றடி உயரத்தில் நிற்பதால் பாதித் தொல்லை குறைந்தது, ஆனால் கூரைக்கும் வலைக்கும் நடுவே ஒரு கை அகலம் விட்டுவைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. காற்றுக்கு விட்டேன் என்பார்கள். காற்றுக்கு வலையே போதும், அந்த இடைவெளிக்கும் வலை அடியுங்கள். மலையடிவாரத்து வீடுகளில் பாம்பும் வரும், முட்டைக்கும் குஞ்சுக்கும், அதைவிட அதிகமாக எலிக்கு. இரவில் தீவனத்தைத் தட்டில் விடாமல் டப்பாவில் மூடி எடுத்துவைத்தால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும். கதவுக்குப் பூட்டுப் போடுங்கள். ஆடி மாதம் வந்தால் இரண்டு கால் மரநாயும் நடமாடும்.

உண்ணிக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா. கோழிகள் ஒருநாள் திடீரென்று சாயங்காலம் கூண்டுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்துச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தால், பேய் பிசாசு என்று எலுமிச்சம்பழம் கட்டாதீர்கள். டார்ச் எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு போய், உட்காரும் கட்டை சட்டத்தில் சேரும் மூட்டைத் திருப்பிப் பாருங்கள். துவரம்பருப்பு அளவில் தட்டையாக, தவிட்டு நிறத்தில், அடுக்கி வைத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் பிளவுக்குள் ஒளிந்து இரவில் மட்டும் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும் ஜாதி அது, அதனால்தான் பகலில் கோழியைப் பிடித்து எவ்வளவு தடவினாலும் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளுக்கும், கால் துவளும், காய்ச்சல் நோயையும் பரப்பும். பட்டினி கிடந்தே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், கூண்டைச் சும்மா காலியாகப் போட்டுவைத்து ஒழிக்க முடியாது. கட்டில் என்று நான் அடித்துச் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். மூங்கிலிலும் பலகையிலும் ஆயிரம் பிளவு, இரும்பில் மூட்டு மட்டும்தான். கோழியையும் உமியையும் வெளியேற்றிவிட்டு, தென்னமட்டைப் பந்தத்தை மூட்டுக்கு மூட்டு காட்டினால் படபடவென்று வெடித்து விழும், கூரையில் ஓலை இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் காட்டுங்கள். உட்காரும் கட்டையைக் கழற்றி வெந்நீர் ஊற்றி, வெயிலில் போட்டு, சுண்ணாம்பு அடித்து மாட்டுங்கள். அதனால்தான் கட்டையை ஆணி அடிக்காமல் சும்மா செருகி வைக்கச் சொல்கிறேன். மருந்து தெளிப்பதென்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவு தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஒரு மூலையில் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தால் மேலுக்கு இருக்கும் பேனுக்கும் செல் என்கிற பொடிப்பூச்சிக்கும் அவையே குளித்துக்கொள்ளும்.

மழை பற்றி ஒன்றே ஒன்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கும், ஆறே பக்கத்தில் இல்லாத எங்கள் தெருவிலும் கணுக்கால் தண்ணீர். அப்போது என் கூண்டு தரையோடு தரையாக இருந்தது. உமி ஊறிக் கூழாகி, நாலாம் நாள் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் ஆரம்பித்துவிட்டது. ஈரமான உமி இருந்தால் அது வரும் என்று படித்திருந்தும் நம் வீட்டுக்கு வராது என்று ஓர் அசட்டு நம்பிக்கை. கட்டிலைத் தூக்கி நிறுத்தியது அதற்கப்புறம்தான்.

மரக்கூண்டை ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். நீளப் பக்கங்கள் இரண்டிலும் பலகையின் மேல்பாதியை அறுத்து எடுத்துவிட்டு வெல்டு மெஷ் அடியுங்கள், பிளாக்கின்மேல் தூக்கி வையுங்கள், மேலே இரண்டாவதாக ஓலைக்கூரை போடுங்கள், போட்டிருக்கும் எண்ணிக்கையில் பாதிக்கோழி விடுங்கள். சின்டெக்ஸ் டேங்கை வெட்டிச் செய்வதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன், அதிலும் கறுப்பு டேங்க் என்றால் நான் ஏதும் சொல்லவே வேண்டியதில்லை.

எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் காலி. தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு ராணிக்கெட் என்று பெயர், நம் ராணிப்பேட்டை என்று பலரும் நினைத்துக்கொள்வார்கள், அது உத்தரகாண்டில் இருக்கும் ஊர். ஆனால் வேடிக்கை என்னவென்றால் அதற்கான தடுப்பூசி நம் ராணிப்பேட்டையில்தான் தயாராகிறது, 1932லிருந்து இருக்கிற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் முகாமும் போடுவார்கள். சந்தையிலிருந்து வாங்கி வரும் கோழியை நேரே கூண்டில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கூடையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

புதுக்கூண்டில் முதல் மூன்று நாள் திறக்கவே திறக்காதீர்கள், தண்ணீரும் தீவனமும் உள்ளேயே. நாலாம் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு, பொழுது சாயும்போது ஒரு கை கம்போ கேழ்வரகோ உள்ளே தூவினால் தானாக வந்து ஏறும். ஒன்றிரண்டு சண்டித்தனம் பண்ணிச் சுவரில் உட்காரும், இருட்டிய பிறகு பூனை மாதிரிப் போய்த் தூக்கி வந்து கட்டையில் வையுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சேவல் ஒன்று போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முட்டை சாப்பிட மட்டும் என்றால் சேவலே தேவையில்லை, பெட்டை தனியாகவே இடும். குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் எட்டுக்கு ஒன்று தாராளம். நாலு மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும் என்பதால் கூண்டைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். முதல் ஈட்டு முட்டையில் பத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பி விடுங்கள்.